கண்ணுக்குப் பின்னால் ஒரு வட்டம்

குப்பி இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. கழுத்துவரை ஸ்பிரிட்டும் இருந்தது. தவளைதான் இல்லை.

“சார்... உள்ள ஒண்ணும் இல்லியே” என்றார் இளங்கோவன். குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

நாகேந்திரன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. குப்பியை வாங்கி மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு காதோரம் பிடித்துக் குலுக்கினார்.

“எங்கடா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்?”

“நீதானே இங்க தனியா உக்காந்துகினு இருந்தே?”

1979 ஜூலை மாதம். திருத்தணி. காலை ஏழரை மணி இருக்கும். எட்டு மணிக்கெல்லாம் நாகேந்திரன் காவல் நிலையத்தில் நின்றார்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடிக் கூட்டத்துக்குத் தடுப்புக் கட்டப் பாதிப் பேர் மலைமேல் இருந்தார்கள். நிலையத்தில் இருந்தது சப்-இன்ஸ்பெக்டர் கோமளவல்லியும் கான்ஸ்டபிள் சின்னசாமியும்தான். பெண் சப்-இன்ஸ்பெக்டரை வேடிக்கை பார்க்கவே தெருவில் ஆள் நின்ற காலம் அது. கோமளவல்லிக்கு அது பழகிவிட்டது.

“இன்னா சார் காணாம போச்சு?” என்று கேட்டாள்.

“தவளை.”

சின்னசாமி பேனாவைக் கீழே வைத்தார். “உசுரோட இருக்கறதா சார்?”

“செத்து ஒன்பது வருஷம் ஆச்சு.”

சின்னசாமி சிரிப்பை இருமலாக மாற்றினார். கோமளவல்லி சிரிக்கவில்லை. பெரியவரின் சட்டைப் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று மாறி மாட்டியிருந்தன. துவட்டாத தலையிலிருந்து தண்ணீர் காலரில் சொட்டிக்கொண்டிருந்தது.

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகமெல்லாம் இல்ல. நிச்சயம். டாக்டர் இளங்கோவன். எங்கிட்ட படிச்ச பையன், இப்ப மெட்ராஸ்ல விலங்கியல் பேராசிரியர். என் மச்சான வாசல்ல காவலுக்கு நிறுத்திட்டு வந்திருக்கேன். அவன அரெஸ்ட் பண்ணுங்க.”

கோமளவல்லி தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

நந்தி ஆற்றுப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்கு நடந்துகொண்டே நாகேந்திரன் கதையைச் சொன்னார். எத்தியோப்பியாவில் ஒரு மலையூரில் பத்து வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மனைவி வரலட்சுமியும் ஒரே மகன் ஆனந்தனும் கூட இருந்தார்கள். அந்த நாட்டில் தெல்பா என்று ஒரு மலை. அதன் உச்சியில், பாசிக்கு அடியில், கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புத் தவளை உண்டு. தெல்பாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

“என் பையன் பாத்தான்மா. தெல்பாவுக்கு எதிர்ல, பெரிய பள்ளத்தாக்குக்கு அந்தாண்ட, ஊரகோன்னு இன்னொரு மலை. பள்ளத்தாக்குல நெருப்பு மாதிரி வெயில். குளிருல வாழற தவளை அதத் தாண்டிப் போக முடியாது. ஆனா ஊரகோ உச்சியிலயும் அது இருந்துச்சு. ஆனந்தன் ஒண்ணே ஒண்ணு புடிச்சிகினு வந்தான். நாங்க ஊர் திரும்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அவனே அட்டையில எழுதி, அதோட கால்ல கட்டினான்.”

“மகன் இப்ப எங்க சார்?”

“மெட்ராஸ்ல காலேஜு படிக்கும்போது மஞ்சள் காமாலை. எழுபத்திரண்டுல போய்ட்டான்.”

தெரு முனையில் நாகேந்திரன் நடையைக் குறைத்தார்.

“அதுக்கப்புறம் அந்தக் குப்பிய நான் தொறக்கவே இல்ல. போன வருஷம்தான், கண்ணு முழுசா போறதுக்குள்ள ஏதாச்சும் செய்யணும்னு ஸ்டூடியோக்காரனக் கூப்ட்டு படம் புடிச்சு இளங்கோவனுக்கு அனுப்பினேன். நான் கேட்டது ஒரே ஒரு வரி. ‘இந்தத் தவளை ஊரகோ மலையிலும் உண்டு, கண்டவர் ஆனந்தன்.’ அந்த ஒரு வரிய அவன் எழுதிட்டா போதும்.”

“அவர் எதுக்கு திருடணும்?”

“அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவன் ஒரு ஆராய்ச்சி பண்ணான். இந்தத் தவளை தெல்பாவில மட்டும்தான் உண்டுன்னு சொல்லித்தான் டாக்டர் பட்டம் வாங்கினான். என் பையன் தவளை வெளிய வந்தா அவன் சொன்னது தப்புன்னு ஆயிடும் இல்ல?”

வாசலில் வீராசாமி வழியை அடைத்து நின்றிருந்தான். வரலட்சுமியின் தம்பி. பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் வைத்திருப்பவன். விடிகாலை பஸ்ஸில் லுங்கிக் கட்டோடு வந்திருக்கிறான்.

“ஆளு உள்ளதான் மேடம் இருக்கான். நவுரல.”

முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கப் பலகைகள். பலகைகளில் பாம்பு, தேள், ஓணான் எல்லாம் குப்பிகளில் இருந்தன. மேசைமேல் கத்தரிக்கோல், சிறு கத்தி, இடுக்கி. நடுவில் அந்தக் குப்பி.

கோமளவல்லி மூடியைத் திறந்தாள். அடியில் ஒரு சின்ன அட்டை கிடந்தது. இடுக்கியால் வெளியே எடுத்தாள். பென்சில் எழுத்து கலையாமல் இருந்தது: ஊரகோ மலை, ந. ஆனந்தன். அட்டையின் ஓட்டையில் நூல் கோத்தபடியே இருந்தது. நூலின் இரண்டு முனையும் சுருண்டு சுருண்டு, முடி மாதிரி வளைந்திருந்தன. அவள் நூலை விரலில் நீவிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

இளங்கோவன் சொல்லாமலே தன் பையைத் திறந்து கவிழ்த்தார். வேட்டி, பூதக்கண்ணாடி, பிளேடு, ஒரு புகைப்படம். சட்டைப் பைகளையும் உதறிக் காட்டினார்.

“எப்ப வந்தீங்க?”

“நேத்து சாயங்காலம். ராத்திரி லாட்ஜ்ல தங்கினேன். காலையில ஏழு மணிக்கு இங்க வந்தேன். சார் குளிச்சிகினு இருக்கார்னு அம்மா சொன்னாங்க. இங்க உக்காந்தேன்.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு காப்பி குடிக்கிற நேரம்.”

“குப்பியத் தொட்டீங்களா?”

“சார் வராம எப்படித் தொடறது? அவர் வந்தப்புறம்தான் எடுத்தேன்.”

“நேத்து தவளையப் பாத்தீங்களா?”

“இல்ல. வெளிச்சம் போயிடுச்சி. சாப்பிடும்போது பேச்சு மட்டும்தான்.”

“இன்னா பேச்சு?”

இளங்கோவன் தயங்கினார். “படத்தப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, காலையில வெளிச்சத்துல பாத்தா எந்த மலைத் தவளைன்னு தெரிஞ்சிடும்னு சொன்னேன்.”

“கேட்டீங்களா?” என்றார் நாகேந்திரன். “என் பையன் வார்த்தை மேலயே சந்தேகம்.”

“நான் அப்படிச் சொல்லல சார்...”

“பேசாதே!”

கோமளவல்லி அடுத்து வீராசாமி பக்கம் திரும்பினாள். வழியில் நாகேந்திரன் அவனைப் பற்றியும் சொல்லியிருந்தார்.

“உங்களுக்கு இந்தக் குப்பிங்க புடிக்காதாமே?”

“யாருக்குப் புடிக்கும் மேடம்? வீடு பூரா பொணம். எம் பொண்ணு கல்யாணப் பேச்சுக்கு இங்க வந்தவங்க வாசலோட திரும்பிட்டாங்க. இதோ, பாவா கிட்டயே எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன், எல்லாத்தையும் ஆத்துல கொட்டுங்கன்னு. ஆங், சொன்னேன். அதுக்காக ஒத்தத் தவளைய மட்டும் எடுத்து இன்னா பண்ணப் போறேன்? கொட்டினா மொத்தமா கொட்டுவேன்.”

வரலட்சுமி உள்ளேயிருந்து டம்ளர்களோடு வந்தார். நெற்றியில் சின்ன விபூதிக் கீற்று. குனிந்த முகம் நிமிரவில்லை.

“வரக்காப்பிதான் இருக்குது. பால் திரிஞ்சிபோச்சு.”

“காலையில எனக்கும் வரக்காப்பிதான்” என்றார் இளங்கோவன், பேச்சை மாற்றக் கிடைத்த வாய்ப்பாக.

“குப்பி பக்கம் யாராச்சும் போனாங்களாம்மா?” என்று கேட்டாள் கோமளவல்லி.

“நான் அடுப்படியில இருந்தேன்ங்க. பாக்கல.”

“சார் குளிக்க வெந்நீர் போட்டீங்களா?”

“அவரு பச்சத் தண்ணியிலதான் குளிப்பாரு. வருஷம் பூரா.”

கோமளவல்லி காப்பியைக் குடித்தாள். டம்ளரைத் தானே கழுவி வைப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்படியில் பால் சொம்பு கழுவிக் கவிழ்த்திருந்தது. பின்கட்டில் செங்கல் வைத்த வெந்நீர் அடுப்பு. அதன்மேல் கையை நீட்டினாள். சூடு இன்னும் ஆறவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நந்தியாவட்டைச் செடி. அதன் அடியில் மண் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை நோக்கிச் சுவரோரமாக எறும்பு சாரை சாரையாக வந்துகொண்டிருந்தது.

நெடுநேரம் நின்று எறும்புகளைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. திரும்பிப் போய் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிடலாம். ஆனால் முன்னறையில் ஒரு மனிதன் பையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். இன்று சாயங்காலத்துக்குள் இந்த ஊரும் நாளைக்கு அவன் கல்லூரியும் அவனைத் திருடன் என்று சொல்லும்.

“அம்மா, கொஞ்சம் வரீங்களா?”

வரலட்சுமி வந்தார். செடியைப் பார்க்காமல் நின்றார்.

“திரிஞ்ச பால இன்னா பண்ணீங்க?”

“கொட்டிட்டேன்.”

“எங்க வீட்ல திரிஞ்சா சக்கர போட்டுக் கிண்டிடுவாங்க. யாரும் கொட்ட மாட்டாங்க. அதுவும் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது இன்னொரு பால் வாங்காம இருக்க மாட்டாங்க.”



கோமளவல்லி குரலைத் தாழ்த்தினாள். “மேசை மேல கத்தரிக்கோல் இருக்குதும்மா. கத்தி இருக்குது. இளங்கோவன் சாரோட பையில பிளேடு இருக்குது. சார் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எடுக்கணும்னா யாரா இருந்தாலும் நூல வெட்டித்தான் எடுப்பாங்க. ஒன்பது வருஷமா ஊறின முடிச்சு அது. ஆனா நூலு வெட்டல. முடிச்ச ஒவ்வொண்ணா பிரிச்சி அவுத்திருக்காங்க. அவசரமே இல்லாம.”

வரலட்சுமியின் விரல்கள் முந்தானையைச் சுற்றின.

“இன்னொண்ணு. அந்த அட்டை இல்லன்னா அது எந்த மலைத் தவளைன்னு யாரும் சொல்ல முடியாது. இளங்கோவன் சார் தன் பட்டத்தக் காப்பாத்திக்கணும்னா அட்டைய எடுத்திட்டிருந்தாலே போதும். உங்க தம்பியா இருந்தா குப்பியோட தூக்கி வீசியிருப்பாரு. தவளைய எடுத்துட்டு அட்டைய மட்டும் பத்திரமா திருப்பிப் போட்டது யாரு? அந்த எழுத்து அழியக் கூடாதுன்னு நெனச்சவங்க. அது பையன் கையெழுத்து இல்லீங்களா?”

வரலட்சுமி அடுப்போரம் உட்கார்ந்துவிட்டார்.

“ஸ்பிரிட்டுல இருந்தது இல்லியா... அடுப்புல நெருப்பு தொட்டதும் புடிச்சிகிச்சு” என்றார். “நீல நெருப்பு. சாம்பல ஒரு கையில அள்ளிட்டேன். அதுக்கு மேல பால ஊத்தினேன். எம் புள்ளைக்குப் பால் ஊத்த அன்னிக்கி சுடுகாட்டுக்கு என்ன வுடலம்மா. பொம்பள வரக் கூடாதுன்னுட்டாங்க.”

“எதுக்கும்மா?”

“அவன் பொய் சொன்னான்.”

கோமளவல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஊரகோ போறேன்னு நைனாகிட்ட சொல்லிட்டுத்தான் போனான். திரும்பி வந்தப்புறம் பக்கத்து வீட்டு பஞ்சாபி வாத்தியார் சொன்னாரு, உங்க பையன தெல்பா அடிவாரத்து ஊர்ல லாரிலேந்து எறங்கும்போது பாத்தேன்னு. நான் அவன்கிட்ட கேட்டேன், நீ தெல்பாவுல இருந்தியாமேன்னு. மொகம் செவந்துபோச்சு. ‘ஐயோ, நைனாகிட்ட சொல்லிடாதம்மா’ன்னான். தெல்பாவுல புடிச்சிகினு வந்து ஊரகோன்னு எழுதிட்டான்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அறியாத வயசு. நைனா சந்தோஷத்துக்காக செஞ்சிருப்பான். நான் யார்கிட்டயும் சொல்லல. நேத்து இளங்கோவன் எந்த மலைன்னு காலையில தெரிஞ்சிடும்னாரு. செத்துப்போன புள்ளைக்குப் பொய்யன்னு பேரு வர்றத நான் பாக்கணுமா? அவர நீங்க புடிச்சிகினு போயிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன்.”

“லாரியா?”

குரல் பின்கட்டு வாசலிலிருந்து வந்தது. நாகேந்திரன் சுவரைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் இளங்கோவன். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. கோமளவல்லி கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை.

“லாரியிலயா போனான் வரலட்சுமி?”

“ஆங்.”

“மலை ரோட்டுல லாரி ஏறக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். வாரத்துக்கு ஒரு லாரி பள்ளத்துல உருளும் அங்க. அதத்தான் எங்கிட்ட சொல்லாதேன்னிருக்கான்.” அவர் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். “தெல்பா ஊர் வழியாத்தான் ஊரகோவுக்குப் போகணும். வேற ரோடே கிடையாது. பள்ளத்தாக்குல எறங்கற பாதை அங்கதான் ஆரம்பிக்குது. தெல்பாவுல எறங்காம எவனும் ஊரகோ போக முடியாது. உனக்குத் தெரியாதா?”

“எனக்கு யாரு சொன்னாங்க?” என்றார் வரலட்சுமி. “நான் அந்த ஊர்ல வீட்ட விட்டு எங்க போனேன்?”

இளங்கோவன் மெல்ல முன்னால் வந்தார். கையில் அந்தப் புகைப்படம் இருந்தது. குப்பிக்குள் தவளை, பக்கவாட்டில். கண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஒரு சின்ன வட்டம்.

“அம்மா, நான் நேத்து சொன்ன சந்தேகம் வேற. தெல்பா தவளைக்கு வெளிய காது தெரியாது. தோலு வழவழன்னு மூடியிருக்கும். லண்டன் மியூசியத்துல இருக்கற அத்தனையும் பாத்திருக்கேன், ஒண்ணுக்கும் கெடையாது. இந்தப் படத்துல கண்ணுக்குப் பின்னால ஒரு வட்டம் இருக்கு. இது காதா, இல்ல கண்ணாடியில ஒட்டின காத்துக் குமிழியான்னு தெரியல. காதுன்னா இது தெல்பா தவளையே இல்ல. வேற ஜாதி. பள்ளத்தாக்கு பிரிச்சதால தனியாவே வளந்த ஜாதி. பாக்காம ஆசை காட்டக் கூடாதுன்னுதான் சந்தேகம்னு மட்டும் சொன்னேன்.”

அவர் வரலட்சுமிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “முடிச்ச அவுக்கும்போது கையில வச்சிருந்தீங்களே. கண்ணுக்குப் பின்னாடி ஏதாச்சும் இருந்துச்சாம்மா?”

வரலட்சுமி உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அதில் இன்னும் தவளை கிடப்பதுபோலப் பார்த்தார்.

“இருந்துச்சு. மூக்குத்திக் கல்லு மாதிரி. சின்னதா, வட்டமா.”

“ஒரு பக்கமா?”

“ரெண்டு பக்கமும்.”

இளங்கோவன் கண்ணை மூடிக்கொண்டார். குமிழி இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒட்டாது.

“அப்போ அவன் ஊரகோ போயிருக்கான்” என்றார் நாகேந்திரன்.

“போயிருக்கான் சார். உலகத்துல யாருமே பாக்காத ஒண்ணப் பாத்திருக்கான். நான் அதுக்கு அவன் பேரையே வைக்கலாம்னு இருந்தேன்.”

வரலட்சுமி அழவில்லை. எழுந்து செடிக்குப் பக்கத்தில் போனார். ஈர மண்ணில் கையை வைத்தார். எறும்புகள் விரல்மேல் ஏறின. தட்டிவிடவில்லை. நாகேந்திரன் தடுமாறிக்கொண்டே போய் அவர் அருகில் தரையில் உட்கார்ந்தார். “லாரியில மேல ஏறியா உக்காந்துகினு போனான்? மூட்டை மேலயா?” என்று கேட்டார். “எனக்கு சொல்லு. வேற இன்னா சொன்னான் உங்கிட்ட?”

கோமளவல்லி இளங்கோவனை வெளியே அழைத்துக்கொண்டு போனாள்.

“பேரு வைக்க முடியாதா இனிமே?”

“உடம்பு கையில இல்லாம வைக்கக் கூடாது மேடம். படத்துக்குப் பேரு வைக்க முடியாது. அம்மா சொன்னத சாட்சியா எழுதவும் முடியாது.”

“திரும்பப் போய் புடிச்சா?”

“அங்க இப்ப சண்டை. வெளியாள் யாரையும் அந்தப் பக்கம் வுடறதில்ல.” அவர் தெருவைப் பார்த்தார். “நேத்தே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, ‘நல்ல சந்தேகம்’னு சொல்லியிருக்கலாம்.”

வாசலில் நின்ற வீராசாமி கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டான். பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது, என்றாள் கோமளவல்லி. நிலையத்துக்குத் திரும்பியதும் சின்னசாமியிடமும் அதையே சொன்னாள்.

அடுத்து வந்த தை மாதம் ஒரு நாள், மலைப் படிகளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது நாகேந்திரனையும் வரலட்சுமியையும் பார்த்தாள். நாகேந்திரனுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கனத்த கண்ணாடி போட்டிருந்தார். “இப்ப எல்லாம் தெரியுதும்மா” என்றார். பையிலிருந்து இளங்கோவன் அனுப்பிய கட்டுரையை எடுத்துக் காட்டினார். ஐந்து வருடத்துக்கு முன்னால் தான் சொன்னது முழுமையல்ல என்று அவரே அதில் எழுதியிருந்தாராம்.

ஆங்கிலம். கோமளவல்லிக்குப் பாதிதான் விளங்கியது. நடுவில் ஒரு வரைபடம் இருந்தது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் தெல்பா, அதன்மேல் கறுப்பாக நிறைந்த ஒரு புள்ளி. அந்தப் பக்கம் ஊரகோ. அதன்மேல் வெறும் வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே பொடி எழுத்தில் ‘ந. ஆனந்தன் கண்டதாகச் செய்தி. சான்று இல்லை’ என்று இருந்தது.

வரலட்சுமி வரைபடத்தின்மேல் விரலை வைத்தார்.

“அந்த வட்டத்த ரொப்ப யாராச்சும் போவாங்களாம்மா?”

பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. கோமளவல்லி இருவருக்கும் கையை நீட்டி வழி விட்டாள். அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள்.